கம்ப்ரஸருக்கு எதற்கு ‘புஸ்’?

போன வாரம் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ‘ப்ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். என் ஸ்கூட்டர் டயர்தான் போய்விட்டது என்று பதறி, இறங்கிக் குனிந்து முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பின்சக்கரமும் அப்படியே. நிமிர்ந்தால் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன். ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துக் காலை எடுக்கிறான், ப்ஸ்ஸ்ஸ். மறுபடி மிதி, மறுபடி ப்ஸ்ஸ்ஸ். நடுரோட்டில் நான் டயரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவனுக்கு ஒரு சிரிப்பு வேறு.

சிரித்துவிட்டுப் போகட்டும். சிக்னல் விழுந்து அவன் முன்னால் போனபோது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். டீசல் வண்டி! எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? டர்போ வைத்த பெட்ரோல் வண்டியில் காலை எடுத்ததும் எஞ்சினுக்குப் போகும் காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். டர்போ அப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது தள்ளிய காற்று மூடிய கதவில் முட்டித் திரும்பி வந்து டர்போவின் இறக்கையையே அடிக்கும். அப்படி அடிக்காமல் காற்றை வெளியே விடுவதற்கு ப்ளோ ஆஃப் வால்வு என்று ஒரு சின்ன வால்வு வைப்பார்கள். அது திறக்கும்போது வருவதுதான் இந்தப் ‘புஸ்’. டீசல் வண்டியில் காலை எடுத்தால் குறைவது டீசல். காற்றை அப்படி யாரும் அடைப்பதில்லை. அடைபடாத காற்றுக்கு வால்வு எதற்கு? அந்தப் பையனின் புஸ் ஏதோ ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஏப்பம் விடுவதற்கென்றே ஒரு மிஷின் வாங்கி வயிற்றில் கட்டிக்கொண்டவனை நீங்கள் மதிப்பீர்களா? நான் மதிக்கமாட்டேன்.

நான் இப்போது கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வாத்தியார்களாகவும் கிளார்க்குகளாகவும் ஆனபோது, நான் மட்டும் கிரீஸில் கையை விட்டவன். அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் நகக்கண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவர் கண்ணை மூடி ஜெபித்தார் என்று நினைக்கிறேன். கடைக்குச் சாயங்காலமானால் நாலு பையன்கள் வந்துவிடுவார்கள். வாங்க மாட்டார்கள், கேட்பார்கள். “அண்ணாச்சி, சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ப்ளோ ஆஃப் வால்வு வேணுமா வேண்டாமா?” கேட்பவன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவனாக இருப்பான். சூப்பர்சார்ஜர் வண்டியை அவன் செல்போனில் மட்டும்தான் பார்த்திருப்பான். ஆனால் வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. அவர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டால் ஏதோ எலெக்‌ஷன் முடிவு வரப்போகிறது என்று நினைப்பீர்கள்.

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. சூப்பர்சார்ஜரும் டர்போ மாதிரி எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுவதுதான், ஆனால் டர்போவைப்போல் அதைச் சுற்றுவது எஞ்சின் புகை அல்ல, எஞ்சினோடு மாட்டிய பெல்ட். எஞ்சின் வேகம் குறைந்தால் அதுவும் குறையும். நிறைய வண்டிகளில் காற்றுக் கதவு அதற்கு முன்னாலேயே இருக்கும். கதவு மூடினால் உள்ளே போகவே காற்று இல்லை, அதற்கு எந்த வால்வும் வேண்டாம். சிலவற்றில் கதவு பின்னால் இருக்கும். அப்படியானால் காற்றுக்கு வழி வேண்டும்தான். ஆனால் வண்டி செய்தவன் மடையனா? தள்ளிய காற்றை வந்த வழிக்கே திருப்பிவிட உள்ளேயே ஒரு மடிப்புத் தகடு வைத்திருப்பான். அது சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்க்கும். வெளியிலிருந்து வாங்கி மாட்டினால்தான் ஆயிற்று என்கிற வண்டிகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் கேட்கும் பையன்களுக்கு வேண்டியது வால்வு இல்லை, சத்தம். அதை நேரே கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எஞ்சினுக்கு நல்லது என்பார்கள்.

கடையில் புது பெல்ட்டை அட்டைப்பெட்டியிலிருந்து உருவும்போது ஒரு ரப்பர் வாசனை வரும். எனக்கு அந்த வாசனை வந்தால் காதர் ஞாபகம் வரும். பைபாஸ் ரோட்டில் ஒரு உடைமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு நானும் காதரும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்தினோம். காதர் மேலப்பாளையத்துக்காரன், என் வயதுதான். கல்யாணம் முடிந்ததும் ஷார்ஜாவுக்குப் போனவன், மகள் பிறந்ததை அங்கிருந்துகொண்டே போனில் கேட்டவன். எஞ்சின் வேலை தெரிந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அவனைப்போல் திமிர் பிடித்த ஒருவனைப் பார்த்ததில்லை. வருகிறவர்களை வாசலிலேயே கழுவி ஊற்றுவான். “வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். ஓட்டுத ஆளத்தான் மாத்தணும்” என்று ஒரு வக்கீலிடமே சொன்னான். நான் ஓடிப்போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். எங்கள் கூட்டுத்தொழிலில் என் பங்கு பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுப்பதாகவே இருந்தது.

அவன் ஊரில் தங்குவதற்காகத்தான் அந்த ஒர்க்‌ஷாப்பையே தொடங்கினோம். ஷார்ஜாவிலிருந்து அவன் வந்து இறங்கிய அன்று மகள் ரிஸ்வானாவுக்கு நாலு வயது. தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, “உம்மா, இவங்க எப்பப் போவாங்க?” என்று கேட்டிருக்கிறது. பெட்டியைக்கூட அவிழ்க்காமல் அவன் என்னைத் தேடி வந்து, “இனி போகமாட்டேம்லே. கஞ்சியோ தண்ணியோ இங்கனதான்” என்றான். இருந்தும் பிள்ளை அவனிடம் ஒட்டவில்லை. மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். அவன் மனைவி மைமூன் என்னிடம், “அண்ணன், தொழிலு நல்லாப் போனா இருப்பாங்க. இல்லன்னா என் தம்பி அங்கன விசா வச்சுக்கிட்டு இருக்கான், கெளம்பிருவாங்க. நீங்கதான் பாத்துக்கிடணும்” என்று சொன்னது. பார்த்துக்கொள்ள நான் யார்? ஆனாலும் சரி சரி என்று தலையாட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏரல் அண்ணாச்சி வந்தார். ஏரலில் வாழைத்தார் ஏலம் எடுக்கிறவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்த ஜெர்மன் கார் ஒன்றைக் கொச்சியிலிருந்து வாங்கி வந்திருந்தார். அந்தக் காரின் பின்னால் வெள்ளி எழுத்தில் ‘கம்ப்ரஸர்’ என்று எழுதியிருக்கும். ஜெர்மன்காரன் சூப்பர்சார்ஜரை அப்படித்தான் சொல்வான். நம்மூரில் கம்ப்ரஸர் என்றால் என்ன? ஒன்று ஏ.சி.க்குள் இருப்பது, இல்லாவிட்டால் பஞ்சர் கடையில் காற்று அடிப்பது. வண்டி இழுக்கவில்லை என்றதும் டிரைவர் அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு ஏ.சி. மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறான். அவரும் மறுக்கவில்லை. பழைய கேஸை இறக்கிப் புது கேஸ் ஏற்றி, “இனி பறக்கும்” என்று அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி குளிரில் நடுங்கிக்கொண்டே, முன்னைவிட மெதுவாக, எங்களிடம் வந்து சேர்ந்தார்.

“என்ன அண்ணாச்சி, காருக்குப் பின்னால பஞ்சர் கட போர்டு மாட்டிருக்கிய?” என்றான் காதர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் டீக்கடைக்குப் புறப்பட்டேன். வண்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. சூப்பர்சார்ஜர் பெல்ட் வழுக்கிக் கருகியிருந்தது, அவ்வளவுதான். பெல்ட்டை மாற்றியதும் வண்டி சீறிக்கொண்டு போனது. அண்ணாச்சி கொக்கிரகுளம் பாலம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் மூஞ்சி தொங்கியிருந்தது.

“இழுவ எல்லாம் நல்லாத்தாம்வே இருக்கு. சத்தம் வரலியே?”

“என்ன சத்தம்?”

“வள்ளியூர்ல எம் மச்சினன் ஒரு சப்பான் வண்டி வச்சிருக்கான். கால எடுத்தாம்னா புஸ்ஸுங்குது. ஊரே திரும்பிப் பாக்குது. என் வண்டி அத விடப் பெரிசு. ஊமையாட்டம் வருதே!”

காதர் பானெட்டைத் திறந்து, உள்ளேயே இருந்த மடிப்புத் தகட்டைக் காட்டி, இதுதான் அந்த வேலையைச் செய்கிறது, இதற்கு மேல் ஒன்று தேவையில்லை என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தான். அண்ணாச்சி, “அப்ப சத்தம்?” என்றார். காதர் மறுபடி விளக்கினான். அண்ணாச்சி மறுபடி, “அதெல்லாம் சரிவே, சத்தம்?” என்றார். கடைசியில் காதர், “வாழத்தாருக்கு விசில் கட்டி விப்பியளா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டான். அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ரெண்டு வாரத்தில் அதே வண்டி வந்தது, அண்ணாச்சியின் வாழைத்தார் வேன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. எங்கேயோ கொடுத்து, காற்றுக்குழாயை அறுத்து, பளபளவென்று ஒரு சிவப்பு வால்வை மாட்டியிருந்தார். புஸ் வந்திருக்கிறது. மச்சினனுக்குப் போன் போட்டு அதைக் கேட்கவும் வைத்திருக்கிறார். ஆனால் காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி கறும்புகை கக்கி இருமியிருக்கிறது. செய்துங்கநல்லூரில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரேயடியாக நின்றுவிட்டது. அந்த வண்டி உள்ளே வரும் காற்றை அளந்து அதற்குத் தக்கபடி பெட்ரோல் ஊற்றும். அளந்த காற்றை வெளியே விட்டால் என்ன ஆகும்? இலை எண்ணிச் சோறு வடித்த பிறகு பந்தியில் பாதிப்பேர் எழுந்துபோன கதைதான். பெட்ரோல் மிஞ்சிப் புகைந்துவிட்டது.

காதர் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைச் சரிசெய்தான். அண்ணாச்சி அசையவில்லை. “எஞ்சினும் ஓடணும், புஸ்ஸும் வரணும். ஒம்மால முடியுமா, முடியாதாவே?” என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஆளை அனுப்பிவிடுவோம் என்று நான் காதரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.  அவன் கண்ணில் ஒரு விஷமம் வந்தது. “காத்துதானலே கேக்காரு? காத்தக் குடுப்போம்.”

லாரி ஏர் பிரேக்கிலிருந்து கழற்றிய சின்னக் காற்றுத் தொட்டி ஒன்றை டிக்கியில் வைத்தான். அதிலிருந்து ஒரு குழாயை முன் கிரில் வரைக்கும் இழுத்து, நுனியில் சின்ன ஓட்டை போட்ட ஒரு மூடியைப் பொருத்தினான். ஆக்ஸிலேட்டர் மிதிக்கு அடியில் ஒரு சுவிட்ச். காலை எடுத்தால் தொட்டி திறக்கும், ப்ஸ்ஸ்ஸ்! எஞ்சினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொட்டி காலியானால் பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். முழுக்க முழுக்கக் கேலிக்காகச் செய்தது. அண்ணாச்சி கோபித்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று ரெண்டு பேரும் காத்திருந்தோம். அவர் ஒரு தடவை காலை எடுத்தார். இன்னொரு தடவை எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. “இதாம்வே. இதத்தாம்வே நான் கேட்டேன்!”

அன்று சனிக்கிழமை. மைமூன் மத்தியானச் சோறு கொண்டு வந்திருந்தது, கூடவே ரிஸ்வானா. சத்தத்தைக் கேட்டுப் பிள்ளை முந்தானையை விட்டு வெளியே வந்தது. காதர் அதைத் தூக்கி டிரைவர் சீட்டுக்குக் கீழே மிதிப்பக்கம் உட்கார வைத்து, கையால் மிதியை அமுக்கி விடச் சொன்னான். ப்ஸ்ஸ்ஸ். பிள்ளை திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது. “வாப்பா, இன்னொருக்கா!” என்றது. அதன் வாயிலிருந்து அந்த வார்த்தை முதல் தடவையாக வந்தது. காதர் பானெட்டைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தொட்டிக் காற்று தீரும்வரை பிள்ளை அமுக்கியது. பஞ்சர் கடையில் நிரப்பிக்கொண்டு வந்தோம், மறுபடி தீர்த்தது. அண்ணாச்சியும் பொறுமையாகப் பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் அப்புறம் வந்தது. ஏரல் புஸ் என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு ஜீப், பாபநாசத்துக்கு டூரிஸ்ட் ஏற்றும் வேன்கள், கல்யாண வீடியோ எடுக்கிறவரின் கார், ஒரு மினி பஸ்கூட. எல்லாம் புஸ்ஸுக்கு. லாரிக்காரன் பிரேக் அடிக்கும்போது ஓசியில் விடும் சத்தத்துக்கு இந்த மேதாவிகள் எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். எஞ்சின் திறக்க வேண்டிய வண்டிகள் வருவது நின்றுபோனது. ஒரு வாத்தியார், எங்கள் சபைக்காரர், தன் காருக்கு எஞ்சின் வேலை செய்ய வேறு இடம் தேடிப் போனார். ஏன் சார் என்று கேட்டேன். “நீங்க புஸ் கடைல்லா வச்சிருக்கிய?” என்றார். அவர் என் அப்பாவோடு வேலை பார்த்தவர்.

நம்மூரில் பட்டப்பெயர் வைத்துவிட்டால் கல்லறை வரைக்கும் வரும், உங்களுக்குத் தெரியாததில்லை. காதருக்குப் புஸ் காதர் என்று வைத்துவிட்டார்கள். ஊரையே வாசலில் நிறுத்திக் கிண்டலடித்தவன் அவன். ஒரு கல்யாண வீட்டில் சஹனில், அதாவது நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டில், உட்கார்ந்திருக்கிறான். எதிரே இருந்த வெளியூர்ப் பெரியவர் யாரென்று விசாரிக்க, பக்கத்தில் இருந்தவன் பெயரைச் சொல்லாமல் வாயால் ‘ப்ஸ்ஸ்’ என்று ஊதிக் காட்டியிருக்கிறான். பந்தியே சிரித்திருக்கிறது. காதர் கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் கொட்டகைக்கு வந்து, “விசாவுக்குச் சரின்னு சொல்லிட்டேன்” என்றான்.

“ஏலே, வண்டி வரிசையில நிக்குதேலே!”

“அதான். அங்கன போனா எஞ்சினத் தொறந்து பாக்கலாம். அங்கன எனக்குப் பேரும் கெடையாது, வெறும் நம்பருதான். அது போதும்லே.”

“பிள்ள?”

அவன் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

இத்தனை நேரம் அந்தப் பையனையும் அண்ணாச்சியையும் ஏ.சி. மெக்கானிக்கையும் திட்டினேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு மிகவும் கேவலமாகப் பட்டது காதர் செய்ததுதான். ஊர் ஒரு பெயர் வைத்தால் என்ன குறைந்துவிட்டது? ஒரு பேரைத் தாங்க மாட்டாமல், இப்போதுதான் மடியில் உட்கார ஆரம்பித்த பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது? அது புஸ்ஸுக்காக அவனைத் தேடி வந்த பிள்ளை. சத்தம் போட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம். இதையெல்லாம் அன்றைக்கே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். “ஒனக்கு என்னலே தெரியும், ஒனக்கு யாரும் பேரு வைக்கலியே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொட்டகையை மூடினேன். உடைமரம் நாலுவழிச் சாலைக்காக வெட்டுப்பட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம் இருக்கிறது. பேட்டரி வண்டிக்குள் காற்றும் போவதில்லை, காற்றுக் கதவும் இல்லை. அதற்கும் ஸ்பீக்கர் வைத்துப் போலி எஞ்சின் சத்தம் கொடுக்கிறார்களாம். நன்றாக இருக்கட்டும். ஏரல் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஜெர்மன் காரைப் பிரித்து விற்றுவிட்டார்கள்.

காதர் அங்கிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், பெட்டியோடு வந்து பெட்டியோடு போவான். இடையில் ரிஸ்வானா பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸைத் தவறவிட்டால் என் ஸ்கூட்டரில்தான் போகும். பரீட்சை முடிந்தால் நேரே என் கடைக்கு வந்துவிடும், என் மனைவி ஏதாவது செய்து கொடுத்தனுப்புவாள். இந்த வருஷம் காதர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். வந்த மாதமே ரிஸ்வானாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறான்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காதரையும் பெண் மாப்பிள்ளையையும் என் காரில்தான் கூட்டிப்போனேன். மைமூனுக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டு வாசலிலேயே அழுது அனுப்பிவிட்டது. திரும்பி வரும்போது நாங்கள் ரெண்டு பேர்தான். நாகர்கோவிலைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் காற்று கண்ணாடியில் அடித்தபோது காதர் பேச்சை எடுத்தான்.

“உள்ள போறதுக்கு முன்னால மாப்பிள்ள எங்கிட்ட வந்து, ‘அவளுக்குச் சாப்பாட்டுல என்ன புடிக்கும், எது ஆகாது’ன்னு கேட்டான்லே.”

“நல்ல பையந்தான். நீ என்ன சொன்ன?”

“எல்லாம் சாப்பிடுவான்னு சொல்லிட்டேன்.” சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டான். “சாப்பிடுவாளாலே?”

ரிஸ்வானா கத்தரிக்காயைத் தொடாது. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினால் சீனி போடக்கூடாது. சொதிக் குழம்பு என்றால் உயிர், அதுவும் இஞ்சித் துவையல் இருந்தால் ரெண்டு வாய் கூடவே உள்ளே போகும். எல்லாம் எனக்குத் தெரியும்.

“சாப்பிடுவா” என்றேன்.